ஐந்து நாற்பது பஸ் வந்த நேரம்

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை நான் பாதிச் சோற்றில் எழுந்து போய்க் கை கழுவினேனே, அது வாயுத் தொந்தரவு இல்லை. உன் அம்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள், நீயும் நம்பிவிட்டாய். கோர்ட்டில் எதிராளி சொல்வதையெல்லாம் சந்தேகப்படுகிறவன் வீட்டில் சொல்வதை மட்டும் எப்படித்தான் இவ்வளவு சுலபமாக நம்புகிறாயோ! உன் சீனியர் முதல் தடவையாக ஒரு சாட்சியை உன்னிடம் விட்டுக் குறுக்கு விசாரணை செய்யச் சொன்னார் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். யாரோ ஒரு மில் வாட்ச்மேன். கூண்டில் ஏறி ஒன்று சொன்னாராம், அவரே எழுதிய கேட் நோட்டில் வேறொன்று இருந்ததாம். நோட்டை அவர் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொன்னாயாம். "அந்த ஆளு மூஞ்சிய நீ பாக்கணுமே நைனா! வாயால ஆயிரம் சொல்லலாம். அன்னிக்கே கைப்பட எழுதினத மாத்த முடியுமா?" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாய். அந்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, தம்பி. விழுப்புரம் கோர்ட்டில் அதே மாதிரி நின்றவன் நான். ஏழு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் மறைத்த விஷயம் இது. நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவே கிடைக்கிற நேரத்தில் எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் டைம் கீப்பர் என்பது உனக்குத் தெரியும். காலையில் உன்னை எழுப்புவதற்குள், "ஊருக்கெல்லாம் நேரம் சொல்ற ஆளு, பெத்த புள்ளைய நேரத்துக்கு எழுப்ப முடியல" என்று உன் அம்மா என்னைத்தான் திட்டுவாள். ஆனால் பஸ் ஸ்டாண்டு மரக்கூண்டுக்குள் உட்கார்ந்து நான் என்ன செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் கம்பெனி பஸ் செஞ்சிக்கு வந்ததும் வந்த நேரத்தை ரெஜிஸ்டரில் எழுத வேண்டும், கண்டக்டரின் டிரிப் சீட்டிலும் அதே நேரத்தைப் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். வேலை அவ்வளவுதான். இதில் வெளியே தெரியாத ஒரு வழக்கம் உண்டு. வேறொரு கம்பெனிக்காரர்களுக்கு எங்கள் சாயங்கால நேரத்தின் மேல் எப்போதும் ஒரு கண். எங்கள் பஸ் அடிக்கடி லேட்டாக வருகிறது என்று காகிதத்தில் ஏறிவிட்டால், அதைக் காட்டி அந்த நேரத்தைத் தங்களுக்குக் கேட்டு மனு போட்டுவிடுவார்கள். அதனால் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மேனேஜர் சொல்லிவிட்டார்: "பஸ் எப்ப வேணா வரட்டும். ரெஜிஸ்டர்ல நேரத்துக்கு வந்துடணும்." ஆக, தினமும் காலையில் டீ குடித்துவிட்டு வந்ததும், அன்று முழுக்க வரப்போகிற பஸ்களின் நேரத்தையெல்லாம் ஒரே மூச்சில் எழுதி முடித்துவிடுவேன். மழை பெய்தாலும் டயர் வெடித்தாலும் திண்டிவனம் ரயில்வே கேட்டில் அரை மணி நின்றாலும் என் ரெஜிஸ்டரில் ஒரு பஸ்ஸும் ஒரு நிமிஷம் தவறியதில்லை. எல்லா பஸ் ஸ்டாண்டிலும் எல்லா டைம் கீப்பரும் இப்படித்தான் எழுதினார்கள், அதனால் அது பொய் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

கர்ணம், மணியக்காரர் வேலைகளை எடுத்துவிட்டு வி.ஏ.ஓ. போட்டார்களே, அந்தச் சமயம். சந்தை நாள், வெள்ளிக்கிழமை. திண்டிவனத்திலிருந்து ஐந்து நாற்பதுக்கு வர வேண்டிய பஸ் வரவில்லை. ஆறு மணிக்கு அரிசி மில் சங்கு ஊதியது, அப்போதும் வரவில்லை. ஆறு இருபதுக்குத்தான் வந்து நின்றது. தீவனூர் பக்கத்தில் பஞ்சராம். கூட்டத்தோடு இறங்கியவர்களில் ஏழுமலையும் ஒருவன். கோட்டைப் பக்கம் ஒன்றரை மைலில் அவனுக்குக் கொஞ்சம் கொல்லை நிலம் உண்டு, வெளியே போகும்போது சைக்கிளை என் கூண்டுக்குப் பின்னால்தான் சாத்திவிட்டுப் போவான். சக்கரம் மாற்ற டிரைவருக்கு ஒத்தாசை செய்தானாம், முழங்கை வரைக்கும் கிரீஸ். "அண்ணே, கொஞ்சம் தண்ணி ஊத்துண்ணே, இத்தோட போனா மாடுகூட கிட்ட சேக்காது" என்று சிரித்தான். என் பானையிலிருந்து நான்தான் மொண்டு ஊற்றினேன். தேய்த்துக் கழுவிச் சட்டை முனையிலேயே துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அவன் போனபின் கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு இருபத்தைந்து. ரெஜிஸ்டரில் காலையில் எழுதிய ஐந்து நாற்பது நன்றாகக் காய்ந்துபோய்க் கிடந்தது.

அவன் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே கூட்டம். பக்கத்துக் கொல்லைக்காரர் தலையில் அடிபட்டுக் கிணற்று மேட்டில் கிடந்தார், இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தண்ணீர் பாய்ச்சும் முறைக்காக அவருக்கும் ஏழுமலைக்கும் முந்தின நாள்தான் பெரிய வாய்ச்சண்டை. இறந்தவரின் மனைவி அஞ்சலை புல் அறுத்துக்கொண்டு இருந்தவள், சத்தம் கேட்டு நிமிர்ந்திருக்கிறாள். மங்கலான வெளிச்சத்தில் ஒரு ஆள் மம்பட்டியைப் போட்டுவிட்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறாள். மில் சங்கு ஊதி முடித்த நேரம் என்று சொன்னாள். ஏழுமலை சைக்கிளை விட்டு இறங்கியதும், "இவன்தான், இவன்தான்" என்று கத்தினாள். அவனைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ், சட்டை முனை ஈரமாக இருந்ததை ரத்தம் கழுவிய ஈரம் என்று எழுதிக்கொண்டது. அது நான் ஊற்றிய தண்ணீர். அஞ்சலையை நான் குறை சொல்ல மாட்டேன், தம்பி. அவள் பார்த்தது ஒரு முதுகை. முந்தின நாள் சண்டை மனதில் இருந்தது, அந்த முதுகுக்கு அவள் மனமே ஒரு முகத்தை வைத்துவிட்டது. அவள் பொய் சொல்லவில்லை, கடைசி வரைக்கும் பார்த்ததாகவே நம்பினாள்.

ஏழுமலையின் பெண்சாதி நம் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றது உனக்கு நினைவிருக்காது, நீ பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். "நீங்க எங்களுக்காவ ஒண்ணும் பேச வாணாம்ணே. பாத்தத சொன்னா போதும்" என்றாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கண்டக்டரும் டிரைவரும் அதற்குள் கையை விரித்துவிட்டார்கள். பஞ்சர் எந்த நாளில் ஆனது என்று ஞாபகமில்லை என்றார்களாம். சந்தைக் கூட்டத்தில் வந்த மற்றவர்களை எங்கே தேடுவது? நான் ஒருவன்தான் மிச்சம். உன் அம்மா கேட்டாள், "அந்தப் பொண்ணு பாவந்தான், இல்லன்னு சொல்லல. ஆனா கம்பெனிக்கு எதிரா நீ பேசிட்டு வந்தா, இவன எத்த வச்சி படிக்க வைக்கிறது?" நான் கம்பெனிக்கு எதிராக எங்கே பேசுகிறேன், பஸ் வந்த நேரத்தைச் சொல்லப்போகிறேன், அவ்வளவுதானே என்றேன். அப்போது ரெஜிஸ்டரைப் பற்றி எனக்கு நினைப்பே இல்லை. அப்படி ஒரு முட்டாள் நான்.

ஒரு வருஷம் கழித்துக் கேஸ் விசாரணைக்கு வந்தது, சாட்சிக் கூண்டில் ஏறினேன். ஏழுமலையின் வக்கீல் கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னேன். பஸ் ஆறு இருபதுக்கு வந்தது, அவன் அதில்தான் இறங்கினான், நான் தண்ணீர் ஊற்றினேன் என்றேன். பிறகு அரசு வக்கீல் எழுந்தார். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை, உறவுக்காரரிடம் பேசுவது போலத்தான் பேசினார்.

"எத்தனை வருஷமா டைம் கீப்பரா இருக்கீங்க?"

"பதினோரு வருஷமாங்க."

"ரெஜிஸ்டர்ல நடந்தத எழுதுவீங்களா, நடக்காததயும் சேத்து எழுதுவீங்களா?"

கோர்ட்டில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. "நடந்ததத்தாங்க" என்றேன். அந்த இடத்திலேயே நான் முடிந்தேன். எங்கள் ரெஜிஸ்டரை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது உங்க கையெழுத்தா? என்ன நேரம் போட்டிருக்கு?"

"அஞ்சி நாப்பதுங்க."

"இது அன்னைக்கே எழுதினது. ஆறு இருபதுங்கறது ஒரு வருஷம் கழிச்சி ஞாபகத்துலேருந்து சொல்றது. ரெண்டும் சரியா இருக்க முடியாது. எது சரி?"

கடைசி பெஞ்சில் எங்கள் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். மடியில் தோல் பை. அந்த மாதம்தான் எதிர்க் கம்பெனிக்காரன் எங்கள் நேரத்தைக் கேட்டு மனு போட்டிருந்தான். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை, பையின் வாரைத்தான் தடவிக்கொண்டிருந்தார். காலையிலேயே எழுதிவைப்பது எங்கள் வழக்கமுங்க என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஜட்ஜ் பேனாவை நிறுத்திவிட்டு, "நிதானமா யோசிச்சி சொல்லுங்க" என்றார். நல்ல மனுஷன், எனக்கு ஒரு வாய்ப்பைக் கையில் எடுத்துக் கொடுத்தார். நான் நிதானமாகவே யோசித்தேன். உன் பரீட்சையை யோசித்தேன், உன் அம்மாவை யோசித்தேன். "ரெஜிஸ்டர்ல இருக்கறதுதாங்க சரி" என்றேன். "அப்ப ஞாபகப் பிசகுன்னு எடுத்துக்கலாமா?" என்றார் அரசு வக்கீல். எடுத்துக்கலாம் என்றேன். ஏழுமலை குற்றவாளிக் கூண்டில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், கோபமே இல்லை அந்தப் பார்வையில். ஏதோ கணக்குப் புரியாதவன் போல நின்றான்.

கொலை என்று ஆரம்பித்த கேஸ், கொல்லும் நோக்கம் இல்லை என்று கடைசியில் குறைந்து ஏழு வருஷ ஜெயில் தண்டனையில் நின்றது. தீர்ப்பின் நகலை அவன் வக்கீல் எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார். நீ படித்த படிப்பு இதெல்லாம், உனக்குப் புதிதாக இருக்காது, ஆனாலும் சொல்கிறேன். அஞ்சலை இறந்தவரின் மனைவி என்பதற்காக அவளை நம்பாமல் இருக்கக்கூடாது, சொந்தப் புருஷனை அடித்தவனை விட்டுவிட்டு வேறொருவனை மாட்டிவிட அவளுக்கு என்ன காரணம் என்று ஜட்ஜ் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் அவள் அங்கே இருந்தது இயற்கையானது, பல வருஷம் பழகிய ஆளை மங்கல் வெளிச்சத்திலும் அடையாளம் தெரியும் என்றிருந்தார். அதுவும் சரிதான். பிறகு என்னைப் பற்றி. இந்தச் சாட்சி யாருக்கும் வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை, நேர்மையானவராகவே தெரிகிறார், தன் ஞாபகம் பிசகியிருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆகவே வழக்கமான வேலையின் போக்கில் அன்றன்றைக்கே எழுதப்படும் ரெஜிஸ்டரைத்தான் ஏற்க வேண்டும் என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு வரியாக வக்கீல் படிக்கப் படிக்க, என்னால் ஒரு வரியையும் தப்பென்று சொல்ல முடியவில்லை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். எல்லாக் காரணமும் சரியாக இருந்து, அவன் மட்டும் ஜெயிலுக்குப் போனான். பஸ் வருவதற்கு முன்னாலேயே எழுதின வரி அது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவன் நான்.

அப்போதாவது சும்மா இருந்தேனா என்றால் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் கழித்து அந்த வக்கீலிடமே போய், ரெஜிஸ்டர் பொய், நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்பீல்ல உங்க மூஞ்சிய யாருங்க பாக்கப் போறா? டைப் அடிச்ச பேப்பரத்தான் பாப்பாங்க. அதுல நீங்க மொதல்ல லேட்டுன்னீங்க, அப்புறம் ரெஜிஸ்டர் சரின்னீங்க, இப்ப மறுபடி லேட்டுன்னா, எந்த உங்கள நம்புறது? பொய்ச் சாட்சின்னு உங்க மேல ஒரு கேஸ் வரும், அவ்வளவுதான் ஆகும்" என்றார். கேஸ் வரட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பீலும் தள்ளுபடி ஆயிற்று. கொஞ்ச நாள் ரோஷத்தில் ரெஜிஸ்டரில் உண்மையான நேரத்தை எழுதிப் பார்த்தேன். மேனேஜர் வந்து பக்கத்தைப் புரட்டினார், புது ரெஜிஸ்டர் ஒன்றை மேஜையில் வைத்துவிட்டு, பழையதை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் டீ குடித்துவிட்டு வந்து ஐந்து நாற்பது என்று எழுதினேன். இன்று காலையிலும் எழுதியிருக்கிறேன்.

அந்தச் சம்பளத்தில்தான் நீ பி.ஏ. படித்தாய், பி.எல். படித்தாய். உன் மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. நீ கேட்டு நான் செய்யவில்லை, பயந்துபோய்ச் செய்தேன். உன் பேரைச் சொல்லிக்கொண்டால் என் பயம் கொஞ்சம் மரியாதையாகத் தெரிகிறது, அதுதான் விஷயம். உனக்குப் புத்தி சொல்லவும் எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கைப்பட எழுதினதை ஒரு ஆளிடம் நீட்டும்போது, இதை எழுதினது நீயா என்று மட்டும் கேட்டுவிட்டு உட்காராதே. எப்போது எழுதினாய், யார் சொல்லி எழுதினாய் என்று கேள். வாயடைத்து நிற்கிறவன் எல்லாம் பொய் மாட்டிக்கொண்டதால் நிற்கிறான் என்று நினைத்துவிடாதே, கடைசி பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார். உன் கட்சிக்காரனுக்கு அது நஷ்டமாக இருக்கலாம், உன் சீனியர் திட்டவும் திட்டலாம். தெரியவில்லை, தம்பி. நீ கேட்டாலும் அந்த வாட்ச்மேன் சொல்லியிருப்பாரா என்றும் தெரியவில்லை. ஜட்ஜே கேட்டும் நான் சொல்லவில்லையே.

நன்னடத்தைக் கழிவு போக ஐந்து வருஷத்தில் விட்டுவிட்டார்கள், ஏழுமலை வெளியே வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பெண்சாதி அவள் தாய்வீட்டோடு போனவள்தான், திரும்பவில்லை. கொல்லையும் கை மாறிப்போயிற்று. இப்போது பஸ் ஸ்டாண்டில் கூடை வைத்துக்கொண்டு சீத்தாப்பழம், வெள்ளரிப்பிஞ்சு என்று பஸ் ஜன்னலில் விற்கிறான். நீ லீவில் வரும்போது உனக்குப் பழம் பொறுக்கிக் கொடுப்பானே, குட்டையாக, தலை முழுக்க நரைத்தவன், அவன்தான். பஸ் இல்லாத நேரத்தில் என் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து குந்துவான். வெளியே வந்த முதல் நாளே என்னிடம் வந்து, "நீ இன்னாண்ணே பண்ணுவ, பேப்பர்ல அப்பிடி இருந்துச்சி" என்றான். கையைப் பிடித்து அழுதிருக்க வேண்டிய நேரம் அது. டீ சாப்புடுறியா என்று கேட்டேன்.

நீ வந்துவிட்டுப் போன பிறகு, செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவனாகவே ஆரம்பித்தான். "ஒண்ணு கேக்கட்டாண்ணே? அன்னிக்கி பஸ்ஸு நெஜமாவே லேட்டாத்தான் வந்துச்சா?" ஏன் கேக்குற என்றேன். "மொதல்ல உள்ள இருக்கசொல்ல எல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சி. டயர் கழட்டினது, கை கழுவினது எல்லாம். அப்புறம் எல்லாரும் அஞ்சி நாப்பது, அஞ்சி நாப்பதுன்னு சொல்லச் சொல்ல எனக்கே ரோசனையா போச்சி. அது வேற நாளோ இன்னமோ. நேரத்துக்கு எறங்கி, அங்க போயி, கோவத்துல நாந்தான் எதுனா பண்ணிட்டு மறந்துட்டனோன்னு கூட நெனைக்கிறேன். அந்தம்மா ஏன் பொய் சொல்லப் போவுது?" என்றான். பழத்தை விலை பேசுகிற குரலில்தான் இதையும் சொன்னான். ஜெயில் அவனிடமிருந்து ஐந்து வருஷத்தை எடுத்துக்கொண்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் கண்ணால் கண்டதையே அவனிடமிருந்து பிடுங்கியாகிவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இனிமேலும் பேசாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. "இல்ல ஏழுமல. பஸ்ஸு லேட்டுதான். ஆறு இருபது. நீ கை கழுவினது அன்னிக்கித்தான், நாந்தான் தண்ணி ஊத்தினேன். நீ ஒண்ணும் பண்ணல" என்றேன். அவன் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன்.

"உனுக்கு ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"கோர்ட்டு கூண்டுல நிக்கசொல்லவும் இருந்துச்சா?"

"இருந்துச்சி."

"நீயும் என்ன மாதிரி மறந்துட்டேன்னுதாண்ணே நெனச்சிக்கினு இருந்தேன். அதனாலதான் உன் பக்கத்துல வந்து குந்தினேன்" என்றான். கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். விழுப்புரம் பஸ் வந்து நின்றது, அதன் பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்றைக்குச் சனிக்கிழமை. அதற்குப் பிறகு அவன் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. அவன் இருந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், பூட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. அந்த பஸ் எப்போது வந்தது என்று சொல்லக்கூடியவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர், தம்பி. ஒருவன் எங்கே போனான் என்று தெரியவில்லை. இன்னொருவன் சொல்வதை எந்தக் கோர்ட்டும் எடுத்துக்கொள்ளாது. நீ என் மகன், நான் சொல்வதை நம்புவாய் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் நீ வக்கீல் என்பது உறைக்கிறது. என்னிடம் ஒரு அத்தாட்சியும் இல்லையே, நீ எதைக் கொண்டு என்னை நம்புவாய்?

உன் நைனா